மஞ்சள் தலை ஆணி

உடுப்பிட்டியில் இராசமலரின் முகத்தை மறந்தவர்கள் இருக்கலாம். வாயை மறந்தவர்கள் கிடையாது. கொல்லன் சண்முகநாதனின் மனுசி. ஒழுங்கையால் போகிற சைக்கிளையும் மறித்து, "ஏன் ராசா, அந்த மட்காட்டை ஒரு கயித்தாலையெண்டாலும் கட்டமாட்டியோ, காது கிழியுது" என்று சொல்லாமல் விடமாட்டாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வாய் எவ்வளவு அவசரமோ கை அவ்வளவு பொறுமை. அந்தக் கையால் அவள் செய்த தொழில், மான்கொம்பில் கத்திப்பிடி போடுவது.

கலியாணம் முடித்து வந்த இரண்டாம் மாதம் தொடங்கிய வேலை அது. சண்முகநாதன் அடிக்கிற அலகு தலைமயிரை வகிரும். அவன் போடுகிற பிடிதான் சரியில்லை. ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தவளின் கையில் பிடி நின்றது, அலகு கிழங்கில் நின்றது. "இஞ்சருங்கோ, இது பிடியோ, இல்லாட்டி அலகுக்குப் போட்ட தொப்பியோ?" என்று கேட்டுவிட்டாள். அவனுக்கு மூக்கு நுனியில் கோபம். "ஏலுமெண்டா நீ போடு பாப்பம்" என்றான். போட்டாள். எண்பத்துமூன்றில் நாடு குழம்பிய காலத்தில், கரணவாய், இமையாணன், கம்பர்மலைப் பக்கத்தில் பனை ஏறிக் கள்ளுக்குப் பாளை சீவுகிற தொழில் செய்கிறவர்கள் சண்முகநாதனிடம் அலகு வாங்கி, அவனைத் தாண்டி உள்ளே போய், "அக்கா, பிடி?" என்று கேட்கிற அளவுக்கு வந்திருந்தது.

சீவல்காரருக்கு மான்கொம்புப் பிடிதான் வேண்டும். மரப்பிடி கள்ளில் நனைந்தால் வழுக்கும். கொம்பின் கரடுமுரடு ஈரக் கைக்கும் பிடி கொடுக்கும். வன்னிக் காட்டில் மான் உதிர்த்த கொம்பு சாக்கில் வந்து சேரும். அதை நீளத்துக்கு அரிந்து இரண்டு பட்டை எடுத்து, அலகின் வாலுக்கு இரண்டு பக்கமும் பொருத்தி, மூன்று இடத்தில் துளைத்து, பித்தளைக் கம்பியைச் செருகி, இரண்டு முனையும் ஒரு நெல்லளவு வெளியே நிற்க நறுக்கவேண்டும். பிறகுதான் வேலையே. ஓங்கி இரண்டு அடி அடித்தால் கொம்பு பிளந்துவிடும். பயந்து பயந்து தட்டினால் ஒரு மாதத்தில் ஆணி ஆடும். கோழி கொத்துகிற மாதிரி, பிடியைச் சுழற்றிச் சுழற்றி ஒரு தலைக்கு நூறு தட்டு. பித்தளை மெல்ல மெல்ல விரிந்து துளையின் வாயை அடைக்கும். அதன்பிறகு அரம், அரத்துக்குப் பிறகு பராய் மரத்தின் சொரசொரப்பான இலை, கடைசியில் சாம்பலும் தேங்காயெண்ணெயும். அராவி விழுகிற கொம்புத் தூளுக்கும் ஆள் வரும், பிள்ளைக்கு மருந்தென்று. "நான் பரியாரியோ, அள்ளிக்கொண்டு போங்கோ" என்று ஏசிக்கொண்டே மடித்துக் கொடுப்பாள்.

கத்தியைக் கொடுக்கிறபோது ஒரு சோதனை உண்டு. இலவம்பஞ்சில் ஒரு துளி கிள்ளி, வந்தவரின் கையில் கொடுப்பாள். அவர் அதை ஆணித்தலைக்கு மேலால் இழுக்கவேண்டும். ஒரு மயிரளவு மாட்டினாலும் கத்தி திரும்பவும் பட்டறைக்குள் போய்விடும். அறுபது அடி உயரத்தில் ஒரு கையால் மரத்தை அணைத்து, மறு கையால் பாளை சீவுகிறவனுக்கு, உள்ளங்கையில் ஆணி குத்தினால் மாற்றிப் பிடிக்க மூன்றாம் கை இல்லை. கூடவே ஒரு கட்டளையும் போடுவாள்: "பிடியாலை பாளை தட்டப்படாது. தட்டுப்பொல்லு எதுக்கு இருக்கு? தட்டி வெடிச்சால் அந்தக் கத்தி இஞ்சை திரும்பி வரப்படாது, சொல்லிப்போட்டன்." வளர்ந்த ஆம்பிளைகள் எல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள்.

தொண்ணூறில் சண்டையால் பாதை பூட்டி, சாமான்களுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, பற்றறி இல்லை, சவுக்காரம் இல்லை. பித்தளைக் கம்பி எந்த மூலைக்கு! மிச்சமிருந்ததை இழுத்துப் பறித்து ஒரு வருசம் ஓட்டினாள். தொண்ணூற்றிரண்டு தை மாதம், சீவல் தொடங்குகிற நேரம், ஒன்பது பேர் ஒன்பது அலகோடு வந்து நின்றார்கள். பித்தளை அடியோடு முடிந்துவிட்டது.

பழைய சைக்கிள் சில்லொன்று வேலியோடு கிடந்தது. அதன் கம்பிகளை நறுக்கி ஆணியாக்கினாள். இரும்பு, தட்டத் தட்டப் பிடிவாதம் பிடித்தது, அவளும் பிடித்தாள். பஞ்சு மாட்டவில்லை. ஆனால் தலை வெள்ளையாகத் தெரிந்தது. முந்தி அராவிச் சேர்த்த பித்தளைத் தூள் ஒரு சிரட்டையில் இருந்தது. அதை அரக்கில் குழைத்து ஒவ்வொரு தலையிலும் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்தாள். அசல் மஞ்சள். அழகுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்கே தெரியும். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. ஒன்பது பேரும் பஞ்சு இழுத்துப் பார்த்து, சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

மிஞ்சிய கம்பியில் தன் சமையலறைக் கத்திக்கும் ஒரு பிடி போட்டிருந்தாள். பங்குனி மாதம், ஊறுகாய்க்குப் புளிமாங்காய் நறுக்கிவிட்டுக் கத்தியைக் கழுவும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடு ஆணியிலிருந்து கொம்பின் நீளத்துக்கு ஒரு தலைமயிர் வெடிப்பு. நகத்தால் மஞ்சள் பொட்டைக் கிளப்பினாள். உள்ளே சிவப்பாகத் துருக் கறள். கறள் பிடித்த இரும்பு வீங்கி, கொம்பை உள்ளிருந்து பிளந்திருக்கிறது.

கத்தியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள்.

"இஞ்சருங்கோ, இதைப் பாருங்கோ."

சண்முகநாதன் பார்த்தான். "புளி வெட்டுற கத்தி. வெடிக்காமல் என்ன செய்யும்?"

"மாங்காய்ப் புளிக்கே இப்பிடியெண்டால், நாளுக்கு ரண்டு தரம் கள்ளிலை தோயிற கத்திக்கு என்ன நடக்கும்? மரத்து உச்சியிலை பிடி பிளந்தால் அலகு எங்கை போகும்? அவனவன்ரை மணிக்கட்டுக்கெல்லோ போகும்!"

அவன் துருத்தியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். பிறகு, "ஒருத்தரும் இன்னும் வந்து ஒண்டும் சொல்லேல்லையே. நீயாப் போய் ஏன் வாயைக் குடுக்கிறாய்? இரும்புக்கு மஞ்சள் பூசினனான் எண்டு சொன்னால் ஊர் என்ன சொல்லும்? அலகிலை என்ரை குறியெல்லோ இருக்கு" என்றான்.

"விழுந்து கிடக்கிறவனுக்கு உங்கடை குறியைக் காட்டுறதோ?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. நேரே சுவாமியறைக்குள் போனாள். அங்கே தூக்குவிளக்கு ஒன்று தொங்கியது, தாய் வீட்டிலிருந்து வந்தது. அதன் சங்கிலி முழுக்கத் தடித்த பித்தளைக் கம்பி வளையம். வாங்குப் பலகையில் ஏறி நின்று கழற்றினாள். விளக்கை இறக்கி ஒரு மூலையில் வைத்துவிட்டுத் திரும்ப, வாசலில் சண்முகநாதன்.

"அது கொம்மா தந்த சங்கிலி."

"சங்கிலி தானே. விளக்குப் பனைநார்க் கயித்திலையும் தொங்கும்."

அவன் அதைக் கையில் வாங்கி வளையங்களைத் தடவிப் பார்த்தான். பதினாலு வளையம். ஒன்றில் இரண்டு ஆணி வெட்டினால் ஒன்பது கத்திக்கும் காணும், ஒன்று மிஞ்சும். "சொல்லுறதெண்டால் சொல்லு. ஆனால் முழுக்க நீ தனியத் தலையிலை போடாதை. கத்தி என்ரை" என்று சொல்லிவிட்டு உலைக்குப் போனான். வளையங்களைக் காய்ச்சி, நீரில் தோய்த்து, நேராக்கத் தொடங்கினான். இராசமலருக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கைச் சீறிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

இதில் ஒரு இடக்கு இருந்தது. பாளையை ஒருநேரம் சீவாமல் விட்டால் வாய் அடைத்துப்போகும். பாளை போனால் அந்த வருச உழைப்புப் போச்சு. ஆகவே காலையில் ஏறி இறங்கினவரின் கத்தியை வாங்கி, பின்னேரம் ஏறமுந்திக் கொடுத்துவிடவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று கத்திக்கு மேல் ஏலாது.

முதலில் இமையாணன் தில்லைநாதன். முப்பது வயதுக்காரன், எந்நேரமும் சிரித்த முகம். அவள் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு வற்றிப்போயிற்று. நகத்தால் மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தான்.

"எங்களை ஏமாத்திப் பேய்க்காட்டிப் போட்டியளே, அக்கா."

"ஓம். பேய்க்காட்டினனான் தான்" என்றாள். வேறு என்ன சொல்ல இருக்கிறது? வழியெல்லாம் அந்தச் சொல் காதுக்குள் நின்றது. தில்லைநாதனும் பின்னாலேயே வந்து, பட்டறையில் குந்தியிருந்து, இரும்பைத் தட்டி எடுப்பதையும், கறள் பிடித்த துளையைத் துறப்பணத்தால் அகலமாக்குவதையும், பித்தளை இறங்குவதையும் கண்வெட்டாமல் பார்த்தான். முந்தி ஒருதரம் இழுக்கிற பஞ்சை அன்றைக்கு மூன்றுதரம் இழுத்தான். இழுத்துவிட்டு, போகிறபோது, "வந்து சொன்னியளே, அது போதும்" என்றான்.

இரண்டு நாளில் ஆறு கத்தி. மூன்றாம் நாள் பின்னேரத்துக்குள் எட்டு. ஒருத்தர் ஏசினார், ஒருத்தர் தேத்தண்ணி தந்தார். இரண்டு பிடியில் வெடிப்புத் தொடங்கியிருந்தது, பட்டையை மாற்றிக் கொடுத்தாள். ஒன்பதாவது கத்திதான் அகப்படவில்லை.

அது கம்பர்மலை ஏரம்புவின் கத்தி. ஐம்பது வயது மனுசன், கதை குறைவு, வேலை சுத்தம். முதல்நாள் போனபோது அவர் மனைவி செல்வநாயகி, "அவர் இல்லை" என்றாள். இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள், "கத்தியை எண்டாலும் தாருங்கோ" என்று கேட்டதற்கு, "கத்தி... அது அவரிட்டை" என்று நிலத்தைப் பார்த்தாள். பக்கத்து வளவுக்காரர் இன்னொன்று சொன்னார். ஏரம்பு ஒரு மாதமாகப் பட்டறை ஒழுங்கையால் போவதே இல்லையாம். வயல் வரம்பால் சுற்றித்தான் போகிறாராம்.

அவருக்கு விசயம் தெரிந்துவிட்டது, கோபத்தில் இருக்கிறார் என்று இராசமலர் நினைத்தாள். கோபமென்றால் பரவாயில்லை, வந்து வாய் நிறைய ஏசட்டும். அதுக்கு அவர் முழு ஆளாக இருக்கவேண்டுமே!

நாலாம் நாள் விடிந்ததும் அவர் சீவுகிற பனங்கூடலுக்கே போய்விட்டாள். சாணை பிடிக்கிற கல்லும் கள்ளு முட்டியும் ஒரு பனையடியில் இருந்தன. அண்ணாந்து பார்த்தாள். ஓலைகளுக்கு நடுவில் ஏரம்பு. இடக்கை மட்டையை அணைத்திருக்க, வலக்கையில் அந்தக் கத்தி.

கூப்பிட வாய் திறந்தவள் பொத்திக்கொண்டாள். உச்சியில் நின்று பாளை சீவுகிறவனைக் கீழே நின்று கூப்பிடக்கூடாது. அந்தப் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம். திடுக்கிட்டுக் குனிந்தால் போதும், கதை முடிந்தது. வாழ்நாளில் வாயை மூடியிராத இராசமலர், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். மேலே கத்தி ஒருதரம் போய் வந்தது. இன்னொருதரம். ஒவ்வொரு இழுப்பும் அவளின் நெஞ்சில் இழுத்த மாதிரி இருந்தது. சந்நிதி முருகனை நினைத்தாள். முருகா, இந்த ஒருதரம் அந்தப் பிடி நிக்கட்டும், இனி ஒருத்தரையும் பேய்க்காட்டமாட்டன் என்று உள்ளுக்குள் அழுதாள்.

ஏரம்பு இறங்கினார். கால் நிலத்தில் பட்டபிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அவர் திரும்பிப் பார்த்து, பேயைக் கண்டவர் போலக் கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"தங்கச்சி... நான் வரவேணுமெண்டு தான் இருந்தனான்."

"கத்தியைக் காட்டுங்கோ அண்ணை."

"அது ஒண்டுமில்லை."

"காட்டுங்கோ!"

நீட்டினார். பிடி முழுக்க மீன்வலை நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது. நூலுக்குக் கீழே கொம்பு இரண்டு பாளமாகக் கிடந்தது. அவருடைய பெருவிரல் அடியில் ஆறிய காயம் ஒன்று.

"என்ரை பிழை தான்," ஏரம்பு தலையைக் குனிந்தபடி சொன்னார். "மாசியிலை ஒருநாள் தட்டுப்பொல்லைக் கீழை விட்டிட்டு ஏறிப்போனன். இறங்க அலுப்பு. பிடியாலை ரண்டு தட்டுத் தட்டிப்போட்டன். அடுத்த கிழமை வெடிச்சிட்டுது. நீங்கள் சொன்னனீங்கள் தானே, தட்டி வெடிச்சால் இஞ்சை கொண்டு வரப்படாதெண்டு. எந்த முகத்தோடை வாறது? இராசமலர் போட்ட பிடி, பித்தளை ஆணி, அது தானா வெடிக்குமோ? என்ரை கையிலை தான் பிழையெண்டு நூலைச் சுத்தி வைச்சிருந்தன்."

பனையடியில் அப்படியே குந்திவிட்டாள். அவர் ஒளித்தது கோபத்தில் இல்லை. வெட்கத்தில். அவள் வைத்த மஞ்சள் பொட்டை நம்பி, இந்த மனுசன் ஒரு மாதமாகத் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு, நாளுக்கு இரண்டு தரம் சாவோடு ஏறி இறங்கியிருக்கிறார்.

"அண்ணை, அது பித்தளை இல்லை. சைக்கிள் கம்பி. மேலை பூசினது மட்டும் தான் பித்தளை. கறள் பிடிச்சு வீங்கி வெடிச்சது. நீங்கள் தட்டினதாலை இல்லை. பிழை முழுக்க என்ரை."

ஏரம்பு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டது இதுதான்: "அப்ப, என்ரை கையிலை பிழை இல்லையோ?"

"இல்லை அண்ணை. ஒரு துளியும் இல்லை."

மனுசனின் முகம் தெளிந்தது. தோளை ஒருதரம் உதறிக்கொண்டார். "வரம்பாலை சுத்தி நடந்து முள்ளு ஏறினது தான் மிச்சம்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனால் தங்கச்சி, அண்டைக்கே இரும்பெண்டு சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருப்பன். பாத்துப் பாவிச்சிருப்பன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்கு அப்படி உறைத்தது.

சாக்கில் ஒரே ஒரு கொம்புதான் மிச்சம். நல்ல தடிப்பு, நல்ல வரி, ஏதோ பெரிய வேலைக்கென்று இரண்டு வருசமாக ஒளித்து வைத்திருந்தாள். அதை அரிந்தாள். மிஞ்சிய ஒற்றை ஆணியையும் சேர்த்து, நாலு ஆணிப் பிடியாகப் போட்டாள். சண்முகநாதன் பக்கத்தில் நின்று அலகைச் சாணை பிடித்தான். ஏரம்பு பின்னேரம் ஏறமுந்திக் கத்தி அவர் கையில் இருந்தது. அந்த ஒழுங்கையாலேயே நேராக நடந்து போனார்.

அடுத்த கிழமை இராசமலர் நெல்லியடிக்குப் போனாள். அங்கே ரேடியோ திருத்துகிற நேசையா என்றொருவர், பற்றறி இல்லாத ஊரில் ஊமை ரேடியோக்களுக்கு நடுவில் ஈயோட்டிக்கொண்டிருந்தார். கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைத் தரச்சொல்லிக் கேட்டாள்.

"காந்தம் உங்களுக்கு என்னத்துக்கு?"

"என்னைக் காவல் காக்க" என்றாள். நேசையா ஒன்றும் விளங்காமலே கழற்றிக் கொடுத்தார்.

அதைக் கயிற்றில் கட்டிப் பட்டறை வாசலில், பஞ்சுச் சிரட்டைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். ஆணியில் இரும்பிருந்தால் பிடித்துக் காட்டும், பித்தளையில் பிடிக்காது. கதையை அவளே எல்லாருக்கும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. ஊர் சிரித்தது, பிறகு பித்தளை கொண்டுவந்தது. உடைந்த பிறைமஸ் அடுப்பின் தண்டு, பழைய யன்னல் கொளுக்கி, பூட்டின் நாக்கு என்று ஆளுக்கு ஒன்று. பித்தளை கிடைக்காத நேரத்தில் இரும்பு ஆணிதான் போட்டாள். ஆனால் அதற்குப் பூச்சு இல்லை. "இது இரும்பு. கிழமைக்கு ஒருக்கால் எண்ணெய் போட்டு, மாசத்திலை ஒருநாள் என்னட்டைக் கொண்டாருங்கோ" என்பாள். அதற்கும் ஆள் வந்தது. தொண்ணூற்றைந்தில் திரும்பவும் சண்டை தொடங்கும்வரையும் அந்தக் காந்தம் அங்கேதான் தொங்கியது. சுவாமியறை விளக்குப் பனைநார்க் கயிற்றில் தொங்கியது.

காந்தத்தை முதல்முதல் கையில் எடுத்தவர் ஏரம்பு. அடுத்த சீவல் தொடங்கிய தொண்ணூற்றுமூன்று தை, தன் மருமகனுக்கென்று புது அலகோடு வந்திருந்தார். இராசமலர் மூன்று ஆணியை வெட்டி ஒரு தட்டில் வைத்து, கொம்பில் ஏற்றமுந்தி, காந்தத்தை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு உது என்னத்துக்குத் தங்கச்சி? உங்களை நம்பாட்டி நான் வருவனோ?"

"முந்தியும் நம்பினனீங்கள் தானே. பிடியுங்கோ அண்ணை. இனி ஒருக்காலும் நீங்கள் உங்கடை கையைச் சந்தேகப்படக்கூடாது."

ஏரம்பு காந்தத்தை வாங்கினார். மூன்று ஆணிக்கும் மேலால் மெதுவாகக் கொண்டுபோனார். திரும்பவும் ஒருதரம், பாளை சீவுகிற அதே நிதானத்தோடு. தட்டில் ஒன்றும் அசையவில்லை.

"பிடிக்கேல்லை" என்றார்.

இராசமலர் சுத்தியலை எடுத்தாள். "அப்ப இருங்கோ. பின்னேரம் ஏறமுந்தித் தாறன்."